வார்டன் அக்கா எழுந்திருக்கக் கூடாது

போன வாரம் நம் டிரைவரைப் போனும் கையுமாக நடு ஹாலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். "உடம்பு சரியில்லாத மனுஷனை உட்காரவாவது வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டிருக்கிறார். நியாயம்தான். இந்த வாரம் மட்டும் அவரை உட்கார வைக்கப் போகிறேனா என்றால், அதுவும் இல்லை. இன்றைக்கு அவருக்கு உட்கார நேரமே கிடையாது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் பஸ் ஓட்டிய மனிதரைப் பக்கவாதம் வந்து வலது பக்கமாகச் சாய்த்துப் போட்டது. பேச்சு திரும்பிவிட்டது. காலும் கொஞ்சம் இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்குத் தேறிவிட்டது. வலது கை மட்டும் வீம்பு பிடித்துக்கொண்டு நிற்கிறது. மூடினால் தானாகத் திறப்பதில்லை. மனைவி மருந்துக் கிடங்கில் பேக்கிங் வேலைக்குத் திரும்பிவிட்டார். லீவு போட்டுப் பார்த்துக்கொண்ட மகளுக்கும் இன்றோடு லீவு முடிகிறது. நாளை முதல் பகலெல்லாம் டிரைவர் வீட்டில் தனி.

இந்தச் செய்தி காதில் விழுந்ததும்தான் அவருடைய அக்கா நேற்றுப் போனில் குதித்தார்.

"தனியா விடப் போறீங்களா? புத்தி கித்தி கெட்டுப் போச்சா? நாளைக்கு மதியம் வாடகைக் கார் பிடிச்சுட்டு வரேன். அவனை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

அக்கா பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், குரலுக்கு இல்லை. அவர் வருகிறேன் என்றால் வந்து வாசலில் நிற்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்கு நம் டிரைவர் சொன்ன பதில்தான் வம்பை வீட்டுக்குள் இழுத்தது.

"வாக்கா. மதியச் சாப்பாடு என் கையால."

விடிந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பிய மனைவி வாசலில் ஒரு காலும் வீட்டுக்குள் ஒரு காலுமாக நின்றார்.

"அரை நாள் லீவு போட்டுடட்டுமா?"

"போட்டா, எனக்குத் துணைக்கு ஆள் வேணும்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"அதுக்கில்லங்க. அண்ணி வாயைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

"அந்த வாய்க்குத்தானே சமைக்கிறேன். நீ கிளம்பு."

முட்டை ஃப்ரைட் ரைஸ் என்று அவர் முடிவு செய்ததற்குக் காரணம் ஆசை இல்லை. சரியான கணக்கு. கொதிக்கிற சோற்றுப் பானையை ஒற்றைக் கையால் வடிக்க முடியாது. குழம்பு என்றால் நறுக்கவும் அரைக்கவும் ஆயிரம் இருக்கிறது. இதற்கு நேற்று வடித்து ஃப்ரிட்ஜில் வைத்த சோறு போதும். ஒரு வாணலி, ஒரு கரண்டி. "நேர் ரோடு, நடுவுல ஒரு வளைவுகூடக் கிடையாது" என்று முந்தின நாளே மனைவியிடம் சொல்லி, கூடுதலாக அரிசி போடச் சொல்லியிருந்தார்.

அக்கா வீட்டில் குறை ஒன்றும் இல்லை. நல்ல சோறு, நல்ல காற்று, நல்ல மனசு எல்லாம் உண்டு. ஆனால் அங்கே போனால் அவர் நோயாளி. காலையில் ஒருவர் எழுப்புவார், இன்னொருவர் சட்டை மாட்டிவிடுவார். இங்கே அவர் இந்த வீட்டுக்காரர். பஸ்ஸும் போய், கையும் போய், மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான். இதையும் கார் டிக்கியில் ஏற்றி அனுப்ப அவருக்கு மனசில்லை.

அடுத்து மகளை அனுப்ப வேண்டும். வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். காரணம் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

"அப்பா, நான் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறேனே? அத்தைக்குத் தெரியவே தெரியாது. நீங்க இருமினா நான் வந்து கரண்டியைப் பிடிச்சுக்கறேன். ரெண்டு தடவை இருமினா..."

"நீ க்ளினிக் போயி, நாளைக்கு வேலைக்கு வரேன்னு சொல்லிட்டு வா. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி வாசல்ல உன் தலை தெரிஞ்சுது, அவ்வளவுதான்."

பல் டாக்டர் க்ளினிக்கில் வேலை செய்யும் அந்தப் பெண் முனகிக்கொண்டே கிளம்பினாள். கிளம்புமுன் அடுக்களைக்குள் போய் ஏதோ செய்துவிட்டுத்தான் போனாள். அப்பா மேல் அவ்வளவு பாசம்.

அந்தப் பாசம் என்ன செய்தது என்பது டிரைவர் ஃப்ரிட்ஜைத் திறந்தபோதுதான் தெரிந்தது. சோற்று டப்பாவைக் காணோம். மேடைமேல் ஒரு பாத்திரம் மூடி வைத்திருந்தது. மூடியைத் தூக்கினார். நேற்று வடித்த சோறு முழுக்க வெந்நீரில் மூழ்கிக் கிடந்தது. ஒவ்வொரு பருக்கையும் உப்பிப்போய் அவரையே பார்த்தது.

போனை எடுத்தார்.

"சோத்துல எதுக்குடி வெந்நீர் ஊத்தின?"

"மத்தியானம் உங்களுக்கு மசிச்சுத் தர ஈஸியா இருக்குமேன்னுதான்ப்பா. கொழ கொழன்னு இருந்தாத்தானே உங்களுக்குத் தொண்டையில இறங்கும்?"

"எதை வேணா சாப்பிடலாம்னு டாக்டர் எப்பவோ சொல்லிட்டாரே!"

மறுமுனையில் ரேடியோ நின்றுவிட்டது. அது அபூர்வம்.

"ஆமால்லப்பா? சொன்னாருல்ல? அப்புறம் ஏன் நாம இன்னும் மசிச்சுக்கிட்டே இருக்கோம்?"

அதுதான் கேள்வி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஆரம்பித்த பழக்கம். அவர் தேறிக்கொண்டே வந்தார். வீடு மட்டும் அந்த முதல் மாதத்திலேயே நின்றுவிட்டது. தட்டில் வந்த குழைவை அவரும் வாய் திறக்காமல் விழுங்கிக்கொண்டுதான் இருந்தார்.

"நான் ஓடி வரட்டுமாப்பா? ஐயோ, நான் ஒரு மக்கு..."

"வராதே. நீ மக்கெல்லாம் இல்ல. போனை வை."

போனை வைத்தவர் கணக்குப் போட்டார். வேறு சோறு வடிக்கலாம் என்றால் அதே கொதிக்கிற பானை. கடையில் வாங்கி வைக்கலாம் என்றால் அக்கா ஒரு வாய் வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவார். விடுதிச் சாப்பாட்டை வருஷக் கணக்கில் ருசி பார்த்த நாக்கு அது.

தொட்டியில் வடிதட்டை வைத்தார். பாத்திரத்தின் ஒரு பக்க விளிம்பைத் தொட்டி ஓரத்தில் முட்டுக் கொடுத்து, இடது கையால் மெல்லச் சாய்த்தார். நீர் வடிந்தது. சாப்பாட்டு மேசையில் பெரிய தட்டு ஒன்றைப் போட்டு, சோற்றைக் கொட்டி, கரண்டியின் பின்புறத்தால் மெல்லிசாகப் பரப்பினார். படுக்கையறையிலிருந்து டேபிள் ஃபேனை இடுப்பில் அணைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்து, தட்டுக்கு எதிரில் வைத்துத் திருப்பிவிட்டார்.

பிறகு அடிக்கடி கிளறிக்கொடுப்பதும், ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பதுமாக இருந்தார். ஒட்டியது. இன்னும் கொஞ்சம் பொறுத்தார். அப்போதும் ஒட்டியது. டிராஃபிக்கில் மணிக்கணக்காக நின்று பழகியவருக்குப் பொறுமை ஒரு பெரிய விஷயமில்லை. பருக்கைகள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிய ஆரம்பித்தபோது வாசலில் கார் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

வார்டன் அக்கா உள்ளே வந்தார். முதலில் தம்பியைப் பார்த்தார். அடுத்து மேசையைப் பார்த்தார்.

"என்னடா இது? மனுஷன் வேர்த்து விறுவிறுத்து நிக்கிறான், சோத்துக்கு ஃபேன் ஓடுது?"

"அதுக்குத்தான் ரொம்பப் புழுக்கமா இருந்துச்சுக்கா. எனக்கு மசிச்சுத் தரணும்னு பொண்ணு வெந்நீர்ல ஊற வச்சுட்டா. நீ உட்காரு."

"உட்கார வரல. உன் துணிமணி எல்லாம் எங்க இருக்கு? கார் வாசல்லயே நிக்குது."

"சாப்பிட்டுட்டுப் பேசலாமே."

"சரி, தள்ளு. நானே பண்றேன்." கைப்பையைச் சோபாவில் வீசிவிட்டு அக்கா அடுக்களையைப் பார்த்து நடந்தார்.

டிரைவர் குறுக்கே வந்தார். ஒரு நாற்காலியை இடது கையால் தரதரவென்று இழுத்து வந்து அடுக்களை வாசலில் போட்டார்.

"அக்கா, ஒரு பந்தயம். இதுல நீ உட்காரு. நான் ஒரே ஒரு தடவை 'அக்கா, கொஞ்சம் வா'ன்னு கூப்பிட்டாலும் போதும், மறு பேச்சில்லாம உன் கார்ல ஏறிடறேன். நான் கூப்பிடாம நீயா எந்திரிச்சா, அதுக்கப்புறம் கார் பேச்சே வரக் கூடாது."

"வார்டன்கிட்டயே ரூல்ஸ் பேசறியா?"

"உன்கிட்டதானே கத்துக்கிட்டேன்."

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார். சும்மா உட்காருவதில் என்ன கஷ்டம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பாவம், வாழ்நாளில் அவர் சும்மா உட்கார்ந்ததே இல்லை.

டிரைவர் முதலில் சோற்றுத் தட்டை எடுத்து வந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஒரு துணியை நனைத்துப் பிழிந்து மேடையில் விரித்தார். அதன்மேல் கிண்ணத்தை வைத்தார். இனி அது வழுக்காது. வெங்காயத் தாளைக் கிண்ணத்துக்குள் நிறுத்தி, கத்தரிக்கோலால் சரக் சரக் என்று வெட்டினார். கேரட்டைத் துருவும்போது துருவல் கொஞ்சம், விரல்தோல் கொஞ்சம் என்று இரண்டும் விழுந்தது. விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

"ரத்தமாடா?"

"கேரட் கலர்க்கா."

அக்காவின் கை பரபரத்தது. நாற்காலியின் கையைத் தேய்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

முட்டை வந்தது. முதல் முட்டையைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டி, கட்டைவிரலால் பிளந்தார். உள்ளே விழுந்துவிட்டது, கூடவே ஓட்டுத் துண்டுகளும். விரலால் துழாவி எடுத்துப் போட்டார். அடுத்த முட்டை ஈர விரல்களில் வழுக்கி, மேடையில் உருண்டு, டப் என்று தரையில் உடைந்தது.

அக்கா நாற்காலியை விட்டு ஒரு சாண் எழும்பிவிட்டார்.

"உட்காருக்கா!"

பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே ஏறச் சொல்லும் அதே குரல். இந்த வீட்டில் அந்தக் குரல் கேட்டு வெகு காலமாகிவிட்டது. வார்டன் அக்கா தன்னையறியாமல் உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர் ஒரு பழந்துணியைத் தரையில் போட்டார். நல்ல காலால் மிதித்து, அப்படியும் இப்படியும் தேய்த்து, ஓரமாகத் தள்ளினார். பிறகு இன்னொரு முட்டையை எடுத்தார். இந்த முறை சுத்தமாக உடைந்தது.

அடுப்பு, பட்டனைத் திருப்பினால் தானே பற்றிக்கொள்ளும் ரகம். அந்த ஒரு விஷயத்தில் கடவுள் அவர் பக்கம் இருந்தார். வாணலியில் எண்ணெய் காய்ந்தது. அடித்த முட்டையை ஊற்றியதும் சொய்ங்கென்று பொங்கி எழுந்தது. கரண்டியால் கிளறப் போனால் வாணலியும் கூடவே சுற்றியது. இடது பக்கம் தள்ளினால் இடது பக்கம் போயிற்று, வலது பக்கம் தள்ளினால் வலது பக்கம் வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் அடுப்பை விட்டே இறங்கிவிடும் போலிருந்தது.

இதை அவர் யோசித்து வைக்கவில்லை. நேர் ரோட்டில் பள்ளம்.

"கூப்பிடுடா," என்றார் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. "ஒரு வார்த்தை சொல்லு, நான் பிடிச்சுக்கறேன். வீம்பு வேணாம்டா தம்பி."

டிரைவர் அடுப்பைக் குறைத்தார். தொங்கிக்கொண்டிருந்த தன் வலது கையை இடது கையால் தூக்கினார். மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். வாணலியின் மரக் கைப்பிடியை நடுவில் கொடுத்து, விரல்களை விட்டார். அவை தாமாகச் சுருண்டு கைப்பிடியை இறுக்கிக்கொண்டன.

வாணலி நின்றுவிட்டது.

மூடினால் திறக்காத கை. தலையணைமேல் வைத்து, துண்டைச் சுற்றி, ஒரு நோஞ்சான் குழந்தையைப் போல வீடே பார்த்துக்கொண்ட கை. அது இப்போது வாணலியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தது. டிரைவருக்கு நெஞ்சு விம்மியது. ஆனால் அடுப்பில் முட்டை இருக்கிறதே, விம்முவதற்கு ஏது நேரம்?

அடுப்பைக் கூட்டினார். முட்டையை உதிர்த்துக் கரண்டியால் வாரி ஒரு தட்டில் வைத்தார். கேரட்டும் வெங்காயத் தாளும் மிளகுத் தூளோடு வதங்கின. ஃபேன் காற்றில் உலர்ந்த சோற்றில் பாதியை மட்டும் எடுத்துப் போட்டார். மொத்தமாகப் போட்டால் ஆவியிலேயே குழைந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியது சரிதான். பருக்கைகள் வாணலியில் குதித்தன. கொஞ்சம் பொறுத்து மீதியையும் போட்டு, முட்டையைச் சேர்த்து, சோயா சாஸ் பாட்டிலை இரண்டு முழங்காலுக்கு நடுவே இறுக்கி மூடியைத் திருகித் திறந்து ஊற்றினார். மிளகுத் தூளின் வாசம் ஹாலைத் தாண்டி வாசலுக்குப் போயிற்று.

கடைசியில்தான் வம்பு வந்தது. அடுப்பை அணைக்க மறந்து, கைப்பிடியிலிருந்து வலது கையை எடுக்கப் பார்த்தார். கை விடவில்லை. இழுத்தார். விடவே இல்லை. அடியில் சோறு கருக ஆரம்பித்து, புகை எழுந்தது.

"டேய்! டேய், அடுப்பு!"

அக்கா இந்த முறை முக்கால்வாசி எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் நகர்ந்தது. டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கரண்டியைப் போட்டுவிட்டு, இடது கையால் பட்டனைத் திருப்பினார். தீ அணைந்தது. பிறகு நிதானமாக வலது கை விரல்களைக் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"பயப்படாதேக்கா. இந்தக் கைக்குப் பிடிக்கத் தெரியுது, விடத்தான் தெரியல," என்று சொல்லிவிட்டு, அக்காவைப் பார்த்தார். "உன்னை மாதிரியே."

வார்டன் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தட்டு வந்தது. ஒற்றைக் கையில், கொஞ்சம் ஆடி, ஒரு பருக்கை கீழே சிந்தி, ஆனால் வந்து சேர்ந்தது. டிரைவர் எதிரில் நின்றார். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி அக்காவின் வாயையே பார்த்தார்.

அக்கா ஒரு வாய் எடுத்தார். மென்றார். இன்னொரு வாய். பல்லில் ஏதோ கடிபட, நாக்கால் துழாவி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். முட்டை ஓடு.

"உப்பு கம்மி," என்றார்.

டிரைவர் நிமிர்ந்தார்.

"அடி முறுகிடுச்சு. முட்டையை இன்னும் கொஞ்சம் பெருசா விட்டிருக்கலாம், இப்படியா பொடிப் பொடியாப் பண்றது? அடுத்த தடவை மிளகைக் கடைசியில போடு. முதல்லயே போட்டா வாசமெல்லாம் வாணலியோட போயிடும்."

டிரைவருக்கு வாயெல்லாம் பல். கண்ணில் தண்ணீர் வேறு. படுக்கையிலிருந்து எழுந்த நாளிலிருந்து அவர் எதைச் செய்தாலும் எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பட்டனைப் போட்டால் சூப்பர், ஒரு படி ஏறினால் பிரமாதம். இதே அக்கா போனில் "சமத்து" என்று கொஞ்சியிருக்கிறார். குறை சொல்ல வேண்டிய மனிதராக அவரை யாரும் மதித்ததில்லை. இன்றைக்குத்தான் அக்கா திட்டினார். வாய் நிறையத் திட்டினார்.

"என்ன சொன்ன? அடுத்த தடவையா?" என்று கேட்டார்.

அக்கா கரண்டியைத் தட்டில் வைத்தார். தான் சொன்ன வார்த்தை அவருக்கே அப்போதுதான் புரிந்தது.

"ஆமாடா. அடுத்த தடவைதான்," என்றார். "இந்த அடுப்புலயே. போதுமா?"

வாசல் கதவு படாரென்று திறந்தது. மனைவி முன்னால், ரேடியோ பின்னால். அரை நாள் லீவு வேண்டாம் என்று சொன்ன பேச்சை யார்தான் கேட்டார்கள்? மூச்சு வாங்க நின்ற இருவரும் புகையைப் பார்த்தார்கள், தரையில் கிடந்த துணியைப் பார்த்தார்கள், அக்காவின் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்கள்.

"அண்ணி... இவர்..." என்றார் மனைவி.

"இவரென்ன இவரு? நல்லா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறவனுக்கு எதுக்கு சோத்தை மசிச்சுக் குடுக்கறீங்க? நாளைக்கு ரெண்டு பேரும் பேசாம வேலைக்குப் போங்க. மத்தியானச் சாப்பாடு இவன் பாத்துப்பான்."

மனைவி நின்றபடியே வாணலியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். முறுகிய பக்கமாகப் பார்த்து இன்னொரு கரண்டி எடுத்தார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. மகள் அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிப்பா? அந்த வெந்நீர்ச் சோத்தையா? எப்படிப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கை அவள் விரல்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பந்தயம் வரைக்கும் அவர் சொல்லி முடித்ததும் அவள் அத்தை பக்கம் திரும்பினாள்.

"ஆனா அத்தை, நீங்க நாற்காலியை விட்டு எந்திரிக்கவே இல்லையா?"

"முக்கால்தான். முக்காலுக்கெல்லாம் கணக்கு கிடையாது," என்றார் அக்கா விறைப்பாக.

வீடே சிரித்தது. டிரைவர் சிரித்த சிரிப்பில் மேடைமேல் இருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அதை எடுக்க யாரும் ஓடவில்லை. அவரே குனிந்து எடுத்துக்கொண்டார்.

வெளியே கார்க்காரர் ஹாரன் அடித்தார். அக்கா எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"நீ கிளம்புப்பா. எனக்காக நிக்க வேணாம்."

கார் போய்விட்டது. அக்கா திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, நான் இங்க கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டுமா?"

கேட்ட குரலில் வார்டன் இல்லை. டிரைவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதெல்லாம் கேட்கணுமாக்கா? உன் வீட்டுல ஏதாவது...?"

"முதல்ல சாப்பிட விடுடா," என்று தட்டை நீட்டினார் அக்கா. "இன்னும் ஒரு கரண்டி போடு."

டிரைவர் போட்டார். அக்கா வீட்டில் என்ன நடந்தது என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.